மாடி வீட்டுப் புதையல்

“எத்தனை அடி ஆழத்துல தோண்டுனீங்க, அதை மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் நாங்களே எழுதிக்கிறோம்.”

“தோண்டவே இல்லைங்க சார். இது மாடி வீடு.”

“மாடி வீட்ல தோண்டக்கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லையே.”

“தோண்டுனா கீழ இருக்கிற எல்லம்மாக்கா தலையில போய் விழுவேன் சார்.”

இந்த இடத்தில்தான் நான் படியேறி உள்ளே போனேன். என் தலை சம்பந்தப்பட்ட பேச்சு நடக்கும்போது நான் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பது முறையில்லை.

உள்ளே நூருல்லா பாய் சட்டைப் பித்தானைத் திருகியபடி நின்றுகொண்டிருந்தார். என் வீட்டு மாடியில் பதினாறு வருஷமாகக் குடியிருப்பவர். செங்கம் ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை. உரக்கப் பேசி நான் கேட்டதில்லை, கேட்க முயன்றும் கேட்டதில்லை. அவருக்காகவும் சேர்த்து அவர் சம்சாரம் ரஹமத்துன்னிசா சமையலறையில் பாத்திரங்களோடு உருதுவில் பேசிக்கொண்டிருந்தாள். மகள் சதஃப் பீரோவின் மேல் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். எதிரே நாற்காலியில் ராமதாஸ். புதையல் பிரிவுக்கான தனி வட்டாட்சியர். பக்கத்தில் அட்டையில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருந்தது அந்த ஆபீஸ் கிளார்க் கஸ்தூரி. என்னைப் பார்த்ததும் கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேஜையில் நீல வெல்வெட் தட்டு. அதில் முப்பத்தாறு வெள்ளிக் காசுகள். எல்லாம் மங்கோலியக் கான்கள் அடித்தவை. செங்கிஸ்கானின் பேரன்மார்கள் பாரசீகத்தையும் ருஷ்யப் பக்கத்தையும் ஆண்ட காலத்துக் காசுகள், எழுநூறு வருஷம் பழசு. அந்தக் கான்கள் யாரும் திருவண்ணாமலைப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ரமணாசிரமம் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், உடைந்த கண்ணாடிச் சட்டத்தை பாய் இலவசமாக ஒட்டிக் கொடுத்ததற்காக முதல் காசைக் கொடுத்தார். அதிலிருந்து பிடித்தது பாய்க்கு இந்தப் பித்து. சென்னைக் கண்காட்சி, ஹைதராபாத் வியாபாரி என்று இருபது வருஷம் அலைந்து, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி, ரசீதுக்கு உறை போட்டு வைத்திருந்தார்.

இனி அந்த ஆபீஸைப் பற்றி. பதினோரு வருஷத்துக்கு முன் எங்கள் ஜில்லாவில் யாரோ கிணறு வெட்டும்போது ஒரு பானை அகப்பட்டது. உடனே அரசாங்கம் ஆணை போட்டு, ஆறு பணியிடம், ஒரு ஜீப், மூன்று மின்விசிறியோடு புதையல் பிரிவை ஆரம்பித்துவிட்டது. பானையைத் திறந்தால் உள்ளே கேழ்வரகு. ஆனால் ஆரம்பித்த ஆபீஸை மூடுவது யார்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு வாங்கி ஓட்டினார்கள். மாதந்தோறும் ‘புதையல் ஏதும் இல்லை’ என்று சென்னைக்கு அறிக்கை. அப்படி நூற்று முப்பது அறிக்கை போயாகிவிட்டது. இந்த வருஷம் சென்னையில் யாரோ ஒரு புது அதிகாரி அதைப் படித்துத் தொலைத்துவிட்டார். மார்ச் முடிவதற்குள் ஒரு புதையலாவது கணக்கில் வராவிட்டால் ஆபீஸ் கலைப்பு என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் வந்த வாரம்தான் மாவு மில்லில் கஸ்தூரியும் நானும் அடுத்தடுத்து நின்றோம். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள், நேரம் ஆகும். பேச்சுவாக்கில் எங்கள் மாடி பாய் வீட்டில் பழங்காசு கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். மிளகாய் நெடியில் மனுஷிக்கு என்ன பேசுகிறோம் என்று தெரியுமா?

அன்றைக்கே தட்டோடு காசை எடுத்துப் போய்விட்டார்கள். காசு போனதில் பாய்க்கு எவ்வளவு வருத்தம் என்பது தனி. ஆனால் அந்த முப்பத்தாறில் ஒன்று அவருடையது இல்லை. அது அஜ்மலுடையது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் டிசைனராக இருக்கிற பையன். காசு சேகரிப்போர் வாட்ஸப் குழுவில் அவன் ஒரு கான் காசைப் படம் பிடித்துப் போட்டு, ஒரு பக்கம் ஆராய்ச்சி எழுதியிருந்தான். சதஃப் அதற்குக் கீழே, “காசைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க” என்று ஒரு வரி எழுதினாள். அதிலிருந்து ஆரம்பித்து, போன ஆவணியில் நிச்சயமே முடிந்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும். பெண் கேட்டதுதான் மஹர். சதஃப் நகை கேட்கவில்லை. அபு சயீத் கான் தப்ரீஸ் ஊரில் அடித்த ஒரு வெள்ளிக் காசு கேட்டாள். ஒரு பக்கம் அவர்கள் மார்க்கத்து உறுதிமொழியான கலிமா, மறுபக்கம் கான் பெயர் மங்கோலிய எழுத்தில். அஜ்மல் அந்தக் காசை மூன்று வருஷமாகத் தனக்கென்றே தேடிக்கொண்டிருந்தவன். ஒரு வழியாக வாங்கி, எடை பார்த்துப் படம் எடுத்து வைக்கச் சொல்லி மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ரம்ஜான் முடிந்து பத்தாம் நாள் நிக்காஹ். ஜனவரியில் காசு ஜீப்பில் ஏறிவிட்டது.

வேறு காசு வாங்கித் தருகிறேன் என்று அஜ்மல் போனில் சொன்னான். சதஃப் சொன்னது படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

“வேற எதுவும் வாங்க மாட்டேன். அந்தக் காசு வந்தா நிக்காஹ். வரலைன்னா நீங்க ஆம்பூர்லயே இருங்க, நான் இங்கயே இருக்கேன்.”

பாய் மறுநாளே ரசீது உறைகளை எல்லாம் ஒரு பிரீஃப்கேஸில் அடுக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். ராமதாஸ் ஒவ்வொரு ரசீதையும் படித்தார். பொறுமைசாலி மனுஷர், குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்கலங்காத குறையாகச் சொன்னார்:

“பாய், இந்த ரசீதெல்லாம் உண்மைன்னா இது உங்க காசு. உங்க காசுன்னா இது புதையல் இல்ல. புதையல் இல்லைன்னா இந்த ஆபீசுக்கு இதுமேல அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாத ஒரு பொருளை நான் எப்படிங்க உங்ககிட்ட திருப்பிக் குடுக்கறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“அதிகாரம் இல்லாம எப்படி சார் எடுத்துட்டு வந்தீங்க?” என்று பாய் கேட்டார். இதையும் தணிந்த குரலில்தான் கேட்டார்.

“எடுக்கும்போது நல்லெண்ணத்துல எடுத்தோம். குடுக்கும்போது சட்டப்படிதான் குடுக்க முடியும்.”

பாய் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்று ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு ஆபீஸ் வேகமெடுத்தது. பதினோரு வருஷத்தில் முதல் புதையல், சும்மாவா? கஸ்தூரி கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தாள். ‘கிடைத்த ஆழம், அடியில்’ என்று ஒரு கட்டம். கஸ்தூரி நேர்மையான பெண். மாடி பூமியிலிருந்து பன்னிரண்டு அடி உயரம் என்பதால் மைனஸ் பன்னிரண்டு என்று அடித்தாள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மைனஸை எடுத்தால் ஏற்றுக்கொண்டது. அப்படித்தான் பாய் என் வீட்டுக்கு அடியில் பன்னிரண்டு அடி தோண்டினார்.

அடுத்த கட்டம், ‘பானையின் விவரம்’. பானை இல்லை என்றால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. ராமதாஸ் ஆள் அனுப்பி ஒரு மண்பானை வாங்கிவரச் செய்தார். புதுப் பானை, பளபளவென்று சிவப்பாக இருந்தது. எழுநூறு வருஷம் மண்ணுக்குள் இருந்த பானை இப்படி இருந்தால் சென்னையில் சந்தேகப்படுவார்கள் என்று அதை உடைத்துப் படம் எடுக்க முடிவானது. ஆனால் யார் உடைப்பது? பானை உடைப்பது நம் பக்கம் சாவு வீட்டுக் காரியம். ஆபீஸ் உதவியாளர் தன் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று ஒதுங்கினார். டிரைவர் ஜீப்புக்கடியில் படுத்து எதையோ முடுக்க ஆரம்பித்தார். ராமதாஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் பாய்க்குப் போன் வந்தது. உங்களுக்குத்தான் அந்த சம்பிரதாயம் எல்லாம் கிடையாதே, ஒரு சின்ன உதவி என்றார்கள்.

பாய் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போனார். உதவி என்று கேட்டால் போகிற ஆள். பானையை வாங்கி, ஆபீஸ் வாசலில் மூன்று துண்டாக நிதானமாக உடைத்துக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்து, கஸ்தூரி ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். ‘பானையை உடைத்தவர்: நூருல்லா.’ அன்றோடு தோண்டி எடுத்தவர் யார் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

நில உரிமையாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. பட்டா நகல், போட்டோ இரண்டு. புதையலில் இடத்துக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்று கஸ்தூரி சொன்னாள். நான் வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டா நகலும் போட்டோவும் மட்டும்தான் கொடுத்தேன்.

பிறகு சட்டப்படி உரிமையாளருக்கு அழைப்பு விட வேண்டும். படிவத்தில் உரிமையாளர் பெயருக்கு ஒரே கட்டம்தான் என்பதால் முப்பத்தாறு காசுக்கும் சேர்த்து ஒரே ஒரு கான் பெயரைப் போட்டார்கள். மாசிப் பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஒரு ஆட்டோ, மேலே மைக். லட்சம் ஜனம் நடக்கிறது. “மேன்மை தங்கிய மங்கோலியப் பேரரசர் அபு சயீத் கான், தந்தை பெயர் உல்ஜைத்து கான், கடைசியாக வசித்த ஊர் பாரசீகம், அவர்களோ அவர்தம் வாரிசுகளோ, பதினைந்து தினங்களுக்குள் உரிய ஆவணங்களுடன் அலுவலக வேலை நேரத்தில் நேரில் ஆஜராகுமாறு…” அடி அண்ணாமலை தாண்டும்போது நான்கு பேர் மைக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

பதினைந்து நாளில் இரண்டே பேர் வந்தார்கள். முதல் ஆள் அடி அண்ணாமலை சடையன். தன் தாத்தா மாடு கட்டிய இடத்தில் ஒரு பரதேசி ஒரு ராத்திரி தங்கிப் போனதாகவும், அந்தப் பரதேசி குதிரைக்காரன் ஜாடையில் இருந்ததாகவும் மனு கொடுத்தான். அவனுடைய சர்வே நம்பரும் என் சர்வே நம்பரும் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் தள்ளுபடி. பரிசீலிக்கத் தகுந்த மனுதான், ஆனால் தூரம் ஜாஸ்தி என்று ராமதாஸ் வருத்தப்பட்டார்.

இரண்டாவது ஆள் பெல்ஜியம் தேசத்துக்காரர். ஆசிரமம் பக்கத்துச் சந்தில் ஒன்பது வருஷமாக அறை எடுத்து இருக்கிறார். காவி வேஷ்டி, ரப்பர் செருப்பு, டீக்கடைத் தமிழ். மலைமேல் உட்கார்ந்து தியானம் செய்யும்போது நிறைய குதிரைகளைப் பார்த்ததாகவும், போன ஜென்மத்தில் தான் ஒரு மங்கோலிய ராஜா என்று அன்றே தெரிந்துவிட்டதாகவும் எழுதிக் கொடுத்தார்.

ஆபீஸே சிரிக்கும் என்று நான் நினைத்தேன். ராமதாஸ் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். “வாரிசுன்னு வந்தா வாரிசுச் சான்றிதழ் கேக்கலாம். உரிமையாளரே நேர்ல வந்துட்டா என்ன கேக்கறதுன்னு இதுல போடல” என்றார்.

இந்தச் செய்தியை நான்தான் மாடிக்குக் கொண்டுபோனேன். நல்லதையும் நான்தானே சொல்கிறேன், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ரஹமத்துன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். சதஃப் மட்டும் போனை எடுத்து அஜ்மலை ஆம்பூரிலிருந்து வரச் சொன்னாள். இரண்டு பேரும் அந்த பெல்ஜியத்துக்காரர் அறைக்குப் போனார்கள். சொந்தக்காரன் ரசீதோடு போய் நின்றால் காசு வராது, கான் வந்து கேட்டால் வரும் என்றால் கானையே கேட்க வைப்போம் என்பது அவள் கணக்கு. வாங்கிய கையோடு அத்தனையும் திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு. அவர் கையைக் கூப்பி, காசு ஒரு மாயை, அப்படியே தந்துவிடுகிறேன் என்றாராம்.

மனுவை சதஃப் எழுதினாள். கானுக்கும் பெல்ஜியத்துக்காரருக்கும் பெயர் வித்தியாசம் இருந்ததால், இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம். பிறந்த வருஷம் 1305 என்று போட்டபோது கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை, மூத்த குடிமக்கள் வரிசைக்கு மாற்றிவிட்டது. அக்கம்பக்கத்து விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இவரை உங்களுக்கு எத்தனை ஜென்மமாகத் தெரியும் என்று கஸ்தூரி கேட்டாள். இந்த ஜென்மத்தில் ஒன்பது வருஷம், அதற்கு முன்னால் பழக்கமில்லை என்று சொன்னேன். பாதகமில்லை என்று எழுதிக்கொண்டாள்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஒப்படைப்பு விழா. பந்தல், மாலை, மைக். மூன்று துண்டுப் பானை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். நோன்பு மாதம். பாய் வீட்டார் தண்ணீர் கூடக் குடிக்காமல் மூன்று மணியிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் ஆபீஸ்காரர்கள் ஆளுக்கொரு கூல்டிரிங்ஸைக் கொடுத்து, ஏன் குடிக்கவில்லை என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரவேற்புரைக்கு ஒருத்தர், அவரை வரவேற்க ஒருத்தர். வெயில் தாழ்ந்த பிறகுதான் ராமதாஸ் எழுந்தார்.

“பதினோரு ஆண்டுகளாக இந்த அலுவலகம் ஒன்றையும் கண்டெடுக்கவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. நான் கேட்கிறேன், மண்ணுக்குள் இருக்கிற புதையலுக்கு என்ன ஆபத்து? தோண்டுகிறவனால்தான் ஆபத்து. பதினோரு ஆண்டுகள் எதையும் தோண்டாமல் பாதுகாத்தவர்கள் நாங்கள். இன்று ஒரு பொருளை வைத்திருந்தவரிடமிருந்து மீட்டு, அதற்கு ஓர் உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைக்கிறோம். வைத்திருந்தவர் முழு ஒத்துழைப்புக் கொடுத்தார். பானையைக்கூட அவரே உடைத்துக் கொடுத்தார்.”

கைதட்டினார்கள். பாயும் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கையை இறக்கினார்.

“இந்த நேரத்தில் ஒருவரை மறக்கக் கூடாது” என்று ராமதாஸ் தொடர்ந்தார். “முதல் தகவல் தந்து இந்த அலுவலகத்துக்கு உயிர் கொடுத்த அம்மையார் எல்லம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.”

பச்சைப் பொன்னாடை. நல்ல கனமான துணி. அதைப் போர்த்திக்கொண்டு நான் திரும்பியபோது ரஹமத்துன்னிசா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அப்புறம் கானைக் கூப்பிட்டார்கள். தட்டை வாங்கினார், போட்டோவுக்கு நின்றார், கீழே இறங்கி வந்து பேச்சுப்படி பாய் மடியில் தட்டை வைத்தார். சதஃப் எண்ணினாள். முப்பத்தைந்து. பெல்ஜியத்துக்காரரின் வலது கை மூடியிருந்தது.

“இது மட்டும் வேணும்” என்றார். கண்ணில் நிஜமாகவே நீர். “கையில வச்சதும் தெரிஞ்சுது. இது என் காசு.”

எந்தக் காசு என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அஜ்மல் எழுந்தான். ஆறடி உயரம், கோபம் வந்தால் காது சிவக்கிற ஜாதி. சட்டப்படி அந்தக் காசு அப்போது கானுடையது. மனுவும் பத்திரமும் எழுதி அப்படி ஆக்கிக் கொடுத்ததே இவர்கள்தான். மேடையில் ராமதாஸ் யாருக்கோ மாலை போட்டுக்கொண்டிருந்தார். சதஃப் அஜ்மலின் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கானுக்கு எதிரே போய் நின்றாள்.

“உங்க காசுதானே. அதுல என்ன எழுதியிருக்கு, படிங்க.”

அவர் கையை விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

“மறந்துட்டேன்” என்றார். “இந்த ஜென்மத்துல மறந்துட்டேன்.”

“தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.” அவர் உள்ளங்கையிலேயே காசை ஒரு விரலால் திருப்பி வைத்தாள். வலமிருந்து இடமாக விரலை ஓட்டிக் கலிமாவை வாசித்தாள். காசைப் புரட்டி, மேலிருந்து கீழாக இறங்குகிற அந்த எழுத்தைக் காட்டி, அபு சயீத் என்றாள். நாலைந்து பேர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். “இதைப் படிக்க நான் ஆறு வருஷம் கத்துக்கிட்டேன். இவரு மூணு வருஷம் தேடினாரு. நீங்க போன ஜென்மத்துக் காசை அப்பவே செலவு பண்ணியிருக்கணும், இவ்வளவு நாள் விட்டு வச்சா எப்படி?”

மனுஷர் முதலில் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே காசை அவள் கையில் வைத்துவிட்டு, ராஜா மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்து போனார். அந்த ஒரு நிமிஷம் அவர் கானாக இருந்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. மசூதியில் பாங்கு கேட்டது. பாய் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த ரம்ஜானுக்கு எனக்குச் சேமியா வரவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

நிக்காஹ் சொன்ன தேதியில் நடந்தது. பத்திரிகை எனக்கும் வந்தது, தபாலில் வந்தது, மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு. சதஃப் ஆம்பூர் போய்விட்டாள். அங்கே இரண்டு பேரும் சேர்ந்து காசு படிக்க ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார்களாம், பாதி வகுப்பு சண்டையில் போகிறதாம். கஸ்தூரிக்குப் போளூரில் ஒரு சர்வேயரோடு கல்யாணம். பெல்ஜியத்துக்காரர் ரிஷிகேஷ் போய்விட்டார், அங்கே வேறு ஜென்மம் தெரிந்திருக்கிறதாம். ராமதாஸுக்குப் பதவி உயர்வு. அவர் போன ஜில்லாவிலும் புதையல் பிரிவு ஆரம்பிக்கிறார்கள், அங்கே யார் வீட்டில் என்ன இருக்கிறதோ.

நூருல்லா பாய் வைகாசியில் வீட்டைக் காலி செய்தார். சாவியை என் கையில் கொடுத்து, பதினாறு வருஷம் பிழை ஏதும் இருந்தால் மன்னிச்சுக்குங்க அக்கா என்றார். புது விலாசம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாடி ரொம்ப நாள் சும்மா கிடக்கவில்லை. புதையல் கிடைத்த இடத்திலேயே ஆபீஸ் இருப்பதுதான் பொருத்தம் என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இப்போது பன்னிரண்டு பணியிடம். காலையிலிருந்து மேலே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது. என்ன வேலை நடக்கிறது என்று புதுக் கிளார்க்கிடம் படிக்கட்டில் கேட்டேன். அலுவலக ரகசியம், வெளியில் சொல்லக் கூடாது, தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள் என்றாள்.

போட்டிருக்கிறேன்.